அப்பாவுக்கு மூச்சுப் பயிற்சியோடு விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியும் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

நொய்யல்கரை · மார்ச் 9
வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு 63 வயது. திருப்பூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் வேலை, அதில் பாதிக்கு மேல் பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் புளோரூமும் கார்டிங்கும். பீடி, சிகரெட் தொட்டதில்லை. சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய் என்று நாலு வருஷம் முன்பே சொல்லிவிட்டார்கள், இன்ஹேலரில் ஓடிக்கொண்டிருந்தது. பொங்கல் சமயத்தில் நிமோனியா வந்து 11 நாள் ஆஸ்பத்திரி, அதில் 5 நாள் ஐ.சி.யூ. வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. எக்ஸ்ரே தெளிந்துவிட்டது. மருந்து ஒழுங்காகப் போகிறது. ஆனால் மனிதர் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்.

பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது. உடனே முகம் வெளிறி, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார். "அன்னைக்கு ராத்திரியும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்கிறார். விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 94, 95 சதவீதம் காட்டுகிறது. அவர் அதை நம்புவதில்லை.

டாக்டர் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி எழுதிக்கொடுத்தார். ஒரு சென்டரில் சேர்த்தோம். அங்கே சைக்கிள், கை எடை, மூச்சுப் பயிற்சி எல்லாவற்றோடும் விஆர் கண்ணாடியும் சேர்த்து ஒரு பேக்கேஜ், தடவைக்கு 600 ரூபாய் கூடுதல். "நுரையீரல் கெப்பாசிட்டி கூடும்" என்றார்கள். முதல் நாளே சைக்கிளில் உட்கார வைத்துக் கண்ணாடியை மாட்டி, மலைப்பாதையில் ஓட்டுவது போல ஒரு காட்சியைப் போட்டுவிட்டு அந்தத் தம்பி பக்கத்து அறைக்குப் போய்விட்டார். மூன்று நாலு நிமிஷத்தில் அப்பாவுக்குக் குப்பென்று வியர்த்து, குமட்டி, கண்ணாடியை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு தவிக்கிறார். வெளியே நின்ற நான்தான் ஓடிப்போய்க் கழற்றினேன். இப்போது கண்ணாடி மட்டும் இல்லை, பயிற்சிக்கே வரமாட்டேன் என்கிறார்.

இந்த விஆர் உண்மையிலேயே உதவுமா? உதவும் என்றால் எப்படிப் போட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டிரைவர் · மார்ச் 9
அம்மா, நானும் சி.ஓ.பி.டி.காரன்தான், வயது 68. எட்டு வாரம் பயிற்சி எடுத்தேன், கண்ணாடியெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரி வராண்டாவில் 30 மீட்டருக்கு அளந்து இரண்டு முனையிலும் மஞ்சள் டேப் ஒட்டியிருப்பார்கள். அங்கேயும் இங்கேயும் நடக்க வேண்டியதுதான்.

உங்க அப்பாவின் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். வலி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம், மூச்சுத் திணறலை அப்படிப் பொறுக்க முடியாது. அது வந்தால் உடம்பு முழுக்க "இதோடு சரி" என்று நினைத்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கண்ணாடி வேண்டாம் என்றால் விடுங்கள், நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். படுத்தே கிடந்தால் கால் போய்விடும். கால் போனால் மூச்சும் போச்சு.

கேள்விமேடை · மார்ச் 9
டிரைவர் ஐயா சொல்வதுதான் சரி. நடந்தால் போதும். 600 ரூபாய்க்கு வீடியோ காட்டுவது காசு பிடுங்கும் வேலை. இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே இருக்கிறது?

பிசியோ தமயந்தி · மார்ச் 10
நொய்யல்கரை, நான் பிசியோதெரபிஸ்ட். 14 வருஷமாக நெஞ்சு நோயாளிகளோடுதான் வேலை. உங்கள் அப்பாவுக்கு நடந்ததைப் படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. கண்ணாடியை மாட்டிவிட்டு ஆள் நகர்ந்தது பெரிய தவறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் "கெப்பாசிட்டி கூடும்" என்ற பேச்சு. சி.ஓ.பி.டி.யில் சேதமான நுரையீரலைப் பயிற்சி திரும்ப வளர்த்துக் கொடுக்காது, கண்ணாடியும் கொடுக்காது. மறுவாழ்வுப் பயிற்சி வேலை செய்வது பெரும்பாலும் காலிலும் மனதிலும். தொடைத் தசை பலம் பெற்றால் அதே தூரத்தை நடக்க உடம்பு கேட்கும் காற்று குறைகிறது. அதனால் அதே நுரையீரலை வைத்துக்கொண்டே கூடுதல் தூரம் போகலாம். டிரைவர் ஐயா "கால் போனால் மூச்சும் போச்சு" என்று சொன்னதை எங்கள் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

இந்தப் பயிற்சிக்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு. 2015இல் வந்த அதன் ஆய்வுத் தொகுப்பு 65 சோதனைகளை, 3,822 சி.ஓ.பி.டி. நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி எடுத்தவர்கள் ஆறு நிமிட நடையில் (ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கும் சோதனை), எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 44 மீட்டர் கூட நடந்தார்கள். 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும்.

விஆருக்கு இவ்வளவு பெரிய ஆதாரம் இல்லை. இருப்பவை சின்னச் சின்ன ஆய்வுகள். கேள்விமேடை, நீங்கள் ஆதாரம் கேட்டது நியாயம், அதனால் நான் படித்தவற்றைச் சொல்கிறேன். போலந்தில் ஓபோலே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் செபாஸ்தியன் ருட்கோவ்ஸ்கி குழு இதில் தொடர்ந்து வேலை செய்கிறது. 2020இல் அவர்கள் 106 சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம், இரண்டு வார மறுவாழ்வில், வழக்கமான பயிற்சியோடு எக்ஸ்பாக்ஸ் கினெக்ட் விளையாட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். சேர்த்தவர்களுக்கு உடல்தகுதி அளவுகள் சிலவற்றில் கூடுதல் முன்னேற்றம் இருந்தது. ஆனால் கினெக்ட் என்பது டிவித் திரை முன்னால் நின்று கையைக் காலை ஆட்டுவது, கண்ணை மூடும் கண்ணாடி இல்லை. இரண்டையும் "விஆர்" என்றே எழுதுகிறார்கள். யாராவது "விஆர் நிரூபிக்கப்பட்டது" என்றால் எந்த விஆர் என்று கேளுங்கள்.

2021இல் அதே குழு 50 நோயாளிகளிடம் தலையில் மாட்டும் கண்ணாடியைச் சோதித்தது. ஒரு பாதிக்குப் பயிற்சியோடு கண்ணாடியில் ஒரு தோட்டம், அமைதியாகப் பேசும் குரல். இன்னொரு பாதிக்குப் பயிற்சியோடு, பழைய முறையில் உடலைத் தளர்த்தும் பயிற்சி. கண்ணாடிக் குழுவில் மன அழுத்தமும் மனச்சோர்வும் நன்றாகக் குறைந்தன. கவனியுங்கள், அந்தக் கண்ணாடியைத் தளர்வுக்குத்தான் மாட்டினார்கள்.

எனக்குப் புரிந்தவரை கண்ணாடி பயத்துக்கான கருவி. உங்கள் அப்பாவின் இன்றைய பிரச்சினை 94ஆ 95ஆ என்பதில் இல்லை, அந்த ராத்திரியில் இருக்கிறது. மூச்சு வாங்குகிறது, பயம் வருகிறது, பயத்தில் மூச்சு வேகமாகிறது, வேகமானதால் இன்னும் திணறுகிறது. சி.ஓ.பி.டி.யில் சிக்கல் காற்றை வெளியே விடுவதில்தான். உள்ளே போன காற்று முழுக்க வெளியேறும் முன்பே அடுத்த மூச்சை இழுத்தால் காற்று உள்ளேயே தேங்கி நெஞ்சு உப்பிக்கொள்ளும், அதற்கு மேல் இழுக்க இடம் இருக்காது. அதனால்தான் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்கிறோம், இரண்டு எண்ணி இழுத்து நாலு எண்ணி விடுவது. இந்தச் சங்கிலியைப் பயம் என்ற கண்ணியில் அறுக்க முடிந்தால் மற்றது பின்னால் வரும்.

ஒரு கேள்வி. மில்லில் இருந்த காலத்தில் வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுக்கம் வந்ததா? பஞ்சுத்தூசி நோயின் பழைய அடையாளம் அது. டாக்டரிடம் அந்த வரலாற்றைச் சொல்லியிருக்கிறீர்களா?

நொய்யல்கரை · மார்ச் 10
அக்கா, படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. ஆமாம், வந்தது. அப்பா அதற்கு "லீவு கழிச்ச திணறல்" என்று பெயரே வைத்திருந்தார். அம்மா அந்த நாளில் மட்டும் சுக்குக் காபி போட்டு வைப்பாள். டாக்டரிடம் சொன்னதில்லை. இந்த வாரம் சொல்கிறேன்.

லெமான் கரை · மார்ச் 11
தங்கச்சி, நான் சுவிஸில் இருக்கிறேன், ஜெனீவாவுக்குக் கிட்ட. வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஊர் சாவகச்சேரி. இங்க நடந்த ஒரு ஆய்வைப் பற்றிச் சொல்லவேணும் போல இருந்தது.

கொரோனா நிமோனியாவில இருந்து தேறி வந்த 26 பேருக்கு ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் லோசான் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது, 2022இல வெளிவந்தது. கண்ணாடிக்குள்ள கடல், மலை ஒண்டும் இல்லை. ஒரு மனித உருவம் மட்டும், அதுதான் அவையளின்ர உடம்பு மாதிரி. அவர்கள் மூச்சு எடுக்க விட, அந்த உருவம் ஒளிர்ந்து மங்கும். உருவத்தின்ர வெளிச்சம் சொந்த மூச்சோடு ஒத்துப்போன நேரத்தில் மூச்சு இலகுவாக இருந்தது என்று சொன்னார்கள். ஒத்துப்போகாமல் மாறிக் காட்டினபோது அந்தச் சுகம் கிடைக்கவில்லை.

இதை வாசித்தபோது எங்கட இல்லத்தில இருந்த ஒரு கிழவியின்ர ஞாபகம்தான் வந்தது. திணறல் வரும்போது அவவின் கையைப் பிடிச்சு, அவவோடு சேர்ந்து நானும் சத்தமாக மூச்சு விடுவேன். கொஞ்ச நேரத்தில அவவின்ர மூச்சு என்ர மூச்சோடு வந்து சேர்ந்துவிடும். அப்பாவோடு இருந்து கதையுங்கோ, மூச்சு விடுங்கோ. கண்ணாடி வாங்க ஏலாத வீட்டிலயும் அது ஏலும்.

கதிர் முப்பரிமாணம் · மார்ச் 11
நான் விஆர் காட்சிகள் செய்யும் தொழிலில் இருக்கிறேன். மருத்துவம் தெரியாது, ஆனால் அந்தக் குமட்டல் ஏன் வந்தது என்று சொல்ல முடியும். கண்ணுக்கு முன்னால் மலைப்பாதை ஓடுகிறது, அதனால் கண் "போய்க்கொண்டிருக்கிறோம்" என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "உட்கார்ந்த இடத்தில்தான் இருக்கிறோம்" என்கிறது. மூளைக்கு இரண்டும் ஒட்டாது. பஸ்ஸில் புத்தகம் படித்தால் வாந்தி வருகிற கதைதான், தலைகீழாக. வளைவும் இறக்கமும் உள்ள பாதை இதில் ரொம்ப மோசம், புதிதாக மாட்டுபவருக்கு முதல் நாளே அதைப் போடக் கூடாது. நகராத காட்சியில் ஆரம்பிக்க வேண்டும், ஒரு கரையில் உட்கார்ந்து பார்ப்பது போல.

கண்ணாடி அரைக் கிலோ வருகிறது, குவெஸ்ட் 2 என்ற மாடல் என்றால் 503 கிராம். எடை முழுக்க முன்பக்கம், கன்னத்திலும் நெற்றியிலும் அழுத்தும். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிப்பவருக்கு முகத்தில் இப்படி ஒன்று அப்பினால் எப்படி இருக்கும் என்று இந்த இழையைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன்.

தமயந்தி மேடம், ஒரு கேள்வி. இப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் காட்சி செய்வதாக இருந்தால் எதைக் கவனிக்க வேண்டும்? பொதுவாக விளையாட்டு என்றாலே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவோம், புள்ளி ஏறும், அப்போதுதான் ஆள் விடாமல் ஆடுவார்.

பிசியோ தமயந்தி · மார்ச் 12
கதிர், அங்கேதான் ஆபத்து. பந்து வேகமாக வரவர நோயாளியும் வேகமாக மூச்சு விடுவார், காற்று உள்ளே தேங்கும். விளையாட்டு அவருடைய மூச்சுக்குக் காத்திருக்க வேண்டும். அவர் நீளமாக ஊதி முடித்த பிறகுதான் அடுத்தது வர வேண்டும். நின்று இளைப்பாறினால் புள்ளி குறையக் கூடாது. எங்கள் நோயாளிகளுக்கு எப்போது நிற்க வேண்டும் என்று தெரிவதுதான் பெரிய திறமை.

இன்னொன்றும் உண்டு. கண்ணாடி கவனத்தை மூச்சிலிருந்து திருப்புகிறது, அதுதான் அதன் பலன். அதே காரணத்தால் ஆக்ஸிஜன் இறங்குவதை நோயாளி கவனிக்காமல் போகலாம். கொரோனா சமயத்தில் திணறலே தெரியாமல் 85க்குப் போனவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அதனால் கண்ணாடி தலையில் இருக்கும் நேரம் முழுக்க ஆக்ஸிமீட்டர் விரலில், அதைப் பார்க்க ஒரு ஆள் பக்கத்தில். 88க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். மூச்சிரைப்பு எவ்வளவு என்று 0 முதல் 10 வரை எண் கேட்போம் இல்லையா, அந்த அட்டையைக் கண்ணாடி போட்டவர் பார்க்க முடியாது, அதனால் வாயால் கேட்க வேண்டும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருப்பவர்களுக்குக் கண்ணாடிப் பட்டை காதோரம் குழாயை நசுக்கிவிடும். அதை நான் ஒரு தடவை நேரிலேயே பார்த்தேன். மீட்டர் 93இலிருந்து மெல்ல இறங்குகிறது, காரணம் தெரியவில்லை, கடைசியில் பார்த்தால் பட்டைக்கு அடியில் குழாய் மடங்கியிருக்கிறது. அதிலிருந்து குழாயைக் கன்னத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் பட்டையை மாட்டுகிறேன்.

நொய்யல்கரை, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அப்பாவை மறுபடி கூட்டிப்போனால் முதலில் கண்ணாடியைக் கையில் கொடுத்து, தானே மாட்டித் தானே கழற்ற நாலைந்து தடவை பழக்கச் சொல்லுங்கள், ஸ்விட்ச் போடாமலேயே. கழற்றத் தெரிந்த பிறகுதான் காட்சி. சைக்கிளில் வேண்டாம், கைப்பிடி உள்ள நாற்காலியில். மூன்று நிமிஷம் போதும். வலிப்பு, தலைசுற்றல், சமீபத்தில் கண் ஆபரேஷன் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முகத்தில் படும் ஸ்பாஞ்சைத் துடைத்தார்களா என்று கேளுங்கள், நெஞ்சு நோயாளிகள் ஒருவர் மாற்றி ஒருவர் போடும் பொருள் அது. அந்த சென்டர் இதற்கெல்லாம் ஒத்துவரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். கண்ணாடியே இல்லாத இடமாக இருந்தாலும் சரி.

கேள்விமேடை · மார்ச் 12
மேடம், காசு பிடுங்கும் வேலை என்று நான் எழுதியது அவசரம். ஆனாலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. புதுசு என்பதால் இரண்டு நாள் ஆர்வம், அப்புறம் மூலையில் கிடக்கும். என் தங்கை வீட்டு டிரெட்மில்லில் இப்போது துணிதான் காய்கிறது.

பிசியோ தமயந்தி · மார்ச் 12
உண்மையான சந்தேகம். எங்கள் துறையின் பெரிய தலைவலியே பாதியில் நின்றுவிடுவதுதான். வாரம் இரண்டு மூன்று நாள், எட்டு வாரம் என்றால் கூட்டிவர ஆள் வேண்டும், பஸ் வேண்டும். வீட்டிலிருந்தபடியே தொலைவழியில் செய்த பயிற்சிகளைப் பற்றி 2021இல் ஒரு காக்ரேன் தொகுப்பு வந்தது. பலன் நேரில் செய்வதற்கு ஏறக்குறைய சமம். ஆனால் முழுதாக முடித்தவர்கள் தொலைவழியில் 93 சதவீதம், நேரில் 70 சதவீதம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு விஆர் கண்ணாடியையே வீட்டுக்குக் கொடுத்து எட்டு வாரம் பார்த்திருக்கிறார்கள், 2020இல் வெளியானது. ஆர்வமாகத் தொடர்ந்தார்கள். பத்தே பேர் என்பதால் அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லமாட்டேன். எட்டு வாரம் தாண்டி ஆறு மாசம் கழித்தும் போடுவார்களா என்பதுதான் எனக்கும் தெரிய வேண்டியது.

நொய்யல்கரை · மார்ச் 31
எல்லோருக்கும் நன்றி. வேறு இடத்துக்கு மாறிவிட்டோம். சின்ன இடம்தான், பழைய கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறார்கள், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. டாக்டரிடம் பஞ்சுத்தூசி வரலாற்றையும் சொல்லியாயிற்று, குறித்துக்கொண்டார்.

முதல் நாள் ஆறு நிமிட நடையில் 210 மீட்டர், நடுவில் இரண்டு தடவை நின்றார். கண்ணாடியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே இருக்கும் பிசியோ அக்கா வற்புறுத்தவில்லை. கண்ணாடியை அப்பா மடியில் வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு மில் கதை கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் அப்பாவே பட்டையைத் தளர்த்திப் பார்த்து, "இது கொக்கி எங்க மாட்டுது" என்று கேட்டார். மிஷின் பார்த்த கை அல்லவா. ஐந்தாவது நாள் தானே மாட்டிக்கொண்டார்.

காட்சி ஒரு கடற்கரை. அலை மேலே வரும்போது மூச்சை இழுக்க வேண்டும், அது மெதுவாக வழிந்து பின்வாங்கும் நேரம் முழுக்க உதட்டைக் குவித்து ஊத வேண்டும். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நாற்காலிக் கைப்பிடியை விரல் வெளுக்கப் பிடித்திருந்தார். இரண்டு நிமிஷம் கழித்துச் சுண்டுவிரல் தளர்ந்தது, அப்புறம் ஒவ்வொன்றாக. கழற்றியதும், "அலை போறப்ப ரொம்ப தூரம் போகுது, அதுவரைக்கும் ஊத வேண்டியதா இருக்கு" என்றார். நாலு எண்ணச் சொன்னால் இரண்டிலேயே அவசரப்படும் மனிதர்.

வீட்டில் உள்ளங்கையில் பஞ்சுத் துணுக்கு வைத்து, அது நகர வேண்டும் ஆனால் பறக்கக் கூடாது என்று ஊதிப் பழகுகிறார். அவராகவே கண்டுபிடித்தது.

பிசியோ தமயந்தி · மார்ச் 31
படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. பஞ்சு மட்டும் வேண்டாம் ப்ளீஸ், அடுத்த மூச்சில் இழை உள்ளே போகும். டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டு ஊதச் சொல்லுங்கள். தாள் சாய்ந்தபடியே நிற்க வேண்டும்.

பழைய டிரைவர் · ஏப்ரல் 2
நானும் தாள் வைத்து ஊதிப் பார்த்தேன். ஆறு எண்ணும் வரை நிற்கிறது.

நொய்யல்கரை · மே 12
எட்டு வாரம் முடிந்தது. நேற்று ஆறு நிமிட நடை 268 மீட்டர், ஒரே ஒரு தடவை நின்றார். நின்றபோது சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, நீளமாக மூன்று மூச்சு ஊதிவிட்டுத் தானாகவே மறுபடி நடந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடியை ஆறாவது வாரத்தோடு நிறுத்திவிட்டார். "அலை இப்ப கண்ணை மூடினாலே வருது" என்கிறார். காலையில் டீக்கடை வரை நடக்கிறார். போக வர இரண்டு இடத்தில் உட்காருவார், ஒன்று கோயில் திண்ணை, இன்னொன்று பெட்டிக்கடை பெஞ்சு. ஐ.சி.யூ. ராத்திரியைப் பற்றி இப்போதும் சில சமயம் பேசுகிறார். பேசி முடித்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்.

கிழக்குத் தெரு · மே 14
இழை முழுக்கப் படித்தேன். என் அம்மாவுக்குக் காசநோய் வந்து ஆறு மாச மாத்திரை முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் மூச்சு வாங்குகிறது. போன வாரத்திலிருந்து இருமும்போது சளியில் லேசாக ரத்தம். அவருக்கும் இந்தப் பயிற்சியும் கண்ணாடியும் கொடுக்கலாமா?

பிசியோ தமயந்தி · மே 14
தம்பி, பயிற்சி, கண்ணாடி எதுவும் இப்போது வேண்டாம். ரத்தம் வருகிறது என்றால் நாளைக் காலையிலேயே நெஞ்சு நோய் டாக்டரிடம் காட்டுங்கள், பழைய மாத்திரைச் சீட்டும் எக்ஸ்ரேயும் கையோடு கொண்டுபோங்கள். சளிப் பரிசோதனை எழுதுவார்கள். ரத்தம் அதிகமாக வந்தால் காலை வரை காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். காசநோய்க்குப் பிறகு வரும் மூச்சிரைப்புக்கும் மறுவாழ்வுப் பயிற்சி உண்டு, அதை டாக்டர் சரி என்ற பிறகு பேசலாம். காட்டிவிட்டு இங்கே எழுதுங்கள்.